தூண்டில் போடப் போகும்போது நாயும் வந்தால் மீன் ஓடிவிடுமா?

பிப்ரவரி 4, மாலை 7:15 (கேள்வி)

எட்டு மாத நாய்க்குட்டி ஒன்று வளர்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலைக் கையில் எடுத்தாலே வாசலில் நின்று ஊளையிடுகிறது. கூட்டிக்கொண்டு போகலாம் என்றால், என்னோடு வரும் நண்பர் ‘நாய் ஒரு தடவை குரைத்தால் போதும், அன்றைக்கு ஒரு மீனும் கரைப் பக்கம் வராது’ என்கிறார். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள், இது உண்மையா?

பிப்ரவரி 4, இரவு 10:20

உண்மை இல்லை. ஒன்பது வருடமாக ஒரு நாயோடு போகிறேன். பெயர் செவலை, எந்த ஜாதி என்று சொல்ல முடியாத கலப்பு. அவள் குரைத்து மீன் ஓடியதாக எனக்கு நினைவே இல்லை. காற்றில் வரும் சத்தம் தண்ணீருக்குள் இறங்குவது ரொம்பக் கஷ்டம். தண்ணீரின் மேற்பரப்பில் பட்டதும் ஏறக்குறைய எல்லாமே மேலேயே திரும்பிவிடும், ஆயிரத்தில் ஒரு பங்கு ஆற்றல்தான் உள்ளே போகும். நீச்சல் தெரிந்தால் தலையை முக்கிக்கொண்டு கரையில் நிற்பவரைக் கத்தச் சொல்லிப் பாருங்கள், தெரிந்துவிடும்.

மீனை விரட்டுவது கரையில் ஓடுகிற கால். மண்ணின் அதிர்வு நேராகத் தண்ணீருக்குப் போகிறது. மீனின் இரண்டு பக்கத்திலும் செவுளிலிருந்து வால் வரைக்கும் ஒரு கோடு ஓடுகிறதே, அது தண்ணீரின் சின்ன அசைவையும் பிடிக்கிற உறுப்பு. அதனால் குரைக்கிற நாயை விடக் குதிக்கிற நாய்தான் பிரச்சினை. குதிக்கிற நண்பரும்தான்.

பிப்ரவரி 4, இரவு 10:50

மேலே எழுதியதில் ஒரு ஓட்டை. கரையிலிருந்து போடுவதை மட்டும் மனதில் வைத்து எழுதிவிட்டேன். படகு என்றால் கதையே வேறு. அடிப்பலகையை நாய் நகத்தால் பிறாண்டினாலே அந்தச் சத்தம் பலகை வழியாகத் தண்ணீரில் இறங்கிவிடும், இறங்கினபின் காற்றில் போவதைப் போல நாலு மடங்குக்கும் மேலான வேகத்தில் ஓடும். அதிலும் கெண்டை, கெளுத்தி வகைகளுக்குக் காது கூர்மை. அவற்றின் காற்றுப்பையிலிருந்து உள்காது வரைக்கும் குட்டிக் குட்டி எலும்புகள் சங்கிலி போலக் கோத்திருக்கின்றன.

படகில் போனால் அடியில் ஒரு பழைய சாக்கையோ ரப்பர் விரிப்பையோ போட்டுவிடுங்கள். நாய்க்கும் கால் வழுக்காது.

பிப்ரவரி 5, காலை 6:40

ராத்திரி படுத்தபின் தோன்றியது. சத்தத்தைப் பற்றி இவ்வளவு பேசினோமே, மீனுக்குக் கண் இல்லையா? இருக்கிறது, ஆனால் அதிலும் நாய் தப்பித்துவிடுகிறது. தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளி உலகம் முழுவதும் தலைக்கு மேல் ஒரு வட்டத்துக்குள் அடங்கிவிடுகிறது, ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால் வருகிற வேலை. தாழ்வாக இருப்பதெல்லாம் அந்த வட்டத்தின் விளிம்பில் நசுங்கிப் போய் ஒன்றும் புரியாத கோடாகிவிடும். கணக்காகச் சொன்னால் தண்ணீர் மட்டத்திலிருந்து பத்து டிகிரிக்குக் கீழே இருப்பது மீனுக்குத் தெரியவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். மீன் ஐந்து மீட்டர் தள்ளி இருக்கிறது, கரையும் தண்ணீர் மட்டத்துக்குச் சமமாக இருக்கிறது என்றால், 90 சென்டிமீட்டருக்குள் இருப்பது மறைந்துவிடும். உட்கார்ந்த நாய் அதற்குள் அடங்கிவிடுகிறது. நின்றுகொண்டு வீசுகிற நாம்தான் வெள்ளைச் சட்டையோடு கோபுரம் மாதிரி தெரிகிறோம்.

உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லிவிட்டு அவரையும் உட்காரச் சொல்லுங்கள்.

பிப்ரவரி 6, இரவு 9:05

‘வாயால் சொன்னால் ஆச்சா, ஆதாரம் எங்கே’ என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன், எந்த நாள், எந்த நேரம், என்ன இரை, எத்தனை மீன் என்று குறித்து வைப்பேன். போன வருடத்துப் பக்கங்களை இப்போதுதான் கூட்டிப் பார்த்தேன். செவலையோடு போனது 31 நாள், தனியாகப் போனது 12 நாள். அவளோடு போன நாட்களில் சராசரியாக இரண்டு மீனுக்குச் சற்று மேல், தனியாகப் போன நாட்களில் ஒன்றரை கூடத் தேறவில்லை. ஆக நாய் மீனை விரட்டவில்லை, கூட்டிக்கொண்டே வருகிறது!

பிப்ரவரி 6, இரவு 11:30

மேலே உள்ள கணக்கை யாரும் நம்ப வேண்டாம். என் மனைவி படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: ‘நாயை எந்த நாளில் விட்டுவிட்டுப் போகிறீர்கள்?’ வெயில் கொளுத்துகிற நாளில். காற்று சுழற்றி அடிக்கிற நாளில். வேலை முடிந்து உச்சிப் பொழுதில் ஒரு மணி நேரம் கிடைத்தால் ஓடுகிற நாளில். அந்த நாட்களில் யார் போனாலும் மீன் கிடைக்காது. நல்ல விடியற்காலை எல்லாம் செவலைக்குப் போயிற்று, அழுகிய நேரமெல்லாம் என் தனிக் கணக்கில் ஏறிவிட்டது.

சராசரி போட்டவன் நான், ஓட்டையைக் கண்டவள் தூண்டிலையே தொடாதவள். போகட்டும்.

பிப்ரவரி 8, இரவு 10:10

‘சரி, நாய் அங்கே வந்து என்னதான் செய்யும்? சலிக்காதா?’ என்று கேட்டவருக்கு.

முதல் இரண்டு வருடம் நிறையச் செய்தாள். தவளையை விரட்டினாள், புழு டப்பாவைக் கவிழ்த்தாள், வீசிய ஈயக்குண்டு தண்ணீரில் விழுந்த இடத்துக்கு நீந்திப் போய் எதைக் கொண்டு வருவது என்று தெரியாமல் வட்டம் அடித்தாள். மூன்றாவது வருடம் எப்போது என்று சொல்லத் தெரியவில்லை, என் இடது பக்கம் ஒரு கை தூரத்தில் வந்து உட்கார ஆரம்பித்தாள். அன்றிலிருந்து அதுதான் அவள் இடம். நான் வேறு பக்கம் உட்கார்ந்தால் அவளும் எழுந்து இடது பக்கத்துக்கு வருவாள்.

உட்கார்ந்து என்ன செய்வாள் என்றால், தக்கையைப் பார்ப்பாள். மணிக்கணக்கில். நான் முதலில் சிவப்புத் தக்கை போட்டுக்கொண்டிருந்தேன். நாய்க்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது, நீலமும் மஞ்சளும்தான் தெளிவு என்று படித்துவிட்டு அவளுக்காகவே மஞ்சள் தக்கை வாங்கி மாட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. நிறத்தை அவள் பார்த்ததே இல்லை போலிருக்கிறது, அசைவைத்தான் பார்த்திருக்கிறாள்.

இப்போது முக்கியமானது. வெயில் ஏற ஏற அவள் நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பாள், ஹெ ஹெ ஹெ என்று என் இடது காதுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் ஓடுகிற மாதிரி. தக்கை லேசாக ஆடினால் அந்தச் சத்தம் சட்டென்று நின்றுவிடும். நாக்கு உள்ளே போகும், வாய் மூடும், காது இரண்டும் முன்னால் வரும். நான் மேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சரி, முடிச்சு போட்டுக்கொண்டிருந்தாலும் சரி, அந்த மௌனம் கேட்டால் கை தானாகக் கோலுக்குப் போய்விடும். மீன் தூண்டில் முள்ளில் ஏறினால் எழுந்து நிற்பாள். நான் இழுத்து ஏமாந்தால் நிற்க மாட்டாள், தலையை மட்டும் திருப்பி என்னைப் பார்ப்பாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல எனக்கு இன்று வரை தெரியவில்லை.

பிப்ரவரி 9, காலை 7:30

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு இரண்டு பேர் ‘அடுத்த வாரமே நாயோடு கிளம்புகிறேன்’ என்று எழுதியிருக்கிறார்கள். ஆகவே இதையும் சொல்லியாக வேண்டும், நல்லதை மட்டும் எழுதிவிட்டுப் போவது நியாயம் இல்லை.

நாலாவது வருடம். மாவு உருண்டை இரை போட்டுக்கொண்டிருந்தேன். கோலை மரத்தில் சாய்த்துவிட்டு, முள்ளில் மாவு இருக்க, அது தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொங்க, பையில் தண்ணீர் பாட்டிலைத் தேடத் திரும்பினேன். அவ்வளவுதான், பத்து எண்ணுகிற நேரம். அவள் கத்தவே இல்லை. முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கிற சத்தம் கேட்டுத் திரும்பினால், மேல் உதட்டுக்கு வெளியே முள்ளின் வளைவு தெரிகிறது, நுனி உள்ளே.

நான் செய்த முதல் தப்பு, பதறி அவள் பெயரைக் கூப்பிட்டது. கூப்பிட்டால் வர வேண்டும் என்று நான்தானே பழக்கியிருக்கிறேன். வந்தாள், தூண்டில் நரம்பு மரத்தில் மாட்டி இழுத்தது, முள் இன்னும் ஆழமாக ஏறியது. இரண்டாவது தப்பு, வந்த வழியாகவே பிடுங்கப் பார்த்தது. முள்ளின் நுனியில் பின்னோக்கி நிற்கிற அந்தச் சின்னக் கூர் எதற்கு இருக்கிறது? வந்த வழியே போகக் கூடாது என்றுதானே. மீனுக்கு அது எப்படியோ நாய்க்கும் அப்படித்தான்.

செய்திருக்க வேண்டியது இது. நரம்பை வெட்டி நாயை விடுவிக்க வேண்டும். உதடு மாதிரி மெல்லிய இடம் என்றால் முள்ளை முன்னோக்கியே தள்ளி, நுனியை மறுபக்கம் வெளியே கொண்டு வந்து, அந்தக் கூரைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிட்டு, மிச்சத்தைப் பின்னால் உருவ வேண்டும். கட்டிங் பிளேயர் என்னிடம் இல்லை. வீட்டில் மேசை டிராயரில் இருந்தது. நரம்பைப் பல்லால் கடித்து அறுத்தேன், சட்டையைக் கழற்றி அவள் முன்னங்கால் முகத்துக்குப் போகாதபடி சுற்றிக்கொண்டு, தூக்கியபடியே சாலை வரைக்கும் நாற்பது நிமிடம் நடந்தேன். பதினாறு கிலோ. வழி முழுக்க என் கழுத்தை நக்கிக்கொண்டே வந்தாள்.

கால்நடை மருத்துவர் மரத்துப்போகிற ஊசி போட்டு மூன்று நிமிடத்தில் எடுத்துவிட்டார். எடுத்த முள்ளை ஒரு தட்டில் வைத்து என் முன்னால் தள்ளினார், ஒரு வார்த்தை பேசவில்லை.

பிப்ரவரி 9, மதியம் 1:15

கீழே ஒருவர் ‘முள்ளை விழுங்கிவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கலாம்’ என்று எழுதியிருக்கிறார். தயவுசெய்து செய்யாதீர்கள். உப்பே நாய்க்கு விஷமாகும், அதோடு திரும்பி வரும் முள் தொண்டையைக் கிழித்துக்கொண்டு வரும். வாயிலிருந்து நரம்பு தொங்கினால் இழுக்கவும் கூடாது, வாயோரத்தில் ஒட்ட வெட்டவும் கூடாது. ஒரு முழமாவது வெளியே விட்டு வெட்டி, கழுத்துப் பட்டையில் தளர்வாகக் கட்டி, நேராக மருத்துவரிடம் போங்கள். உள்ளே போன முள்ளைத் தேடிப் போக அந்த நரம்புதான் அவருக்கு வழி.

பிப்ரவரி 12, இரவு 8:50

முள் இல்லாத வெறும் நரம்புதானே என்று கரையில் எறிந்துவிட்டு வருகிறவர்களுக்கு. அது முள்ளை விட மோசம் என்றே சொல்வேன். முள் எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். நைலான் நரம்பு தெரியாது. அதன் ஒரு முனை உள்ளே எங்காவது மாட்டிக்கொண்டால் குடல் பாவாடை நாடாவில் துணி சுருங்குகிற மாதிரி அதன்மேல் சுருங்கி ஏறும், அப்புறம் அறுக்கும். மீன் வாடை அடிக்கிற நரம்பை நாய் சும்மா விடுமா? ஈயக்குண்டும் அப்படித்தான், வயிற்று அமிலத்தில் கரைந்து ரத்தத்தில் ஈயம் ஏறும்.

நான் இப்போது ஒரு மூடி போட்ட டப்பா வைத்திருக்கிறேன், வெட்டிய துண்டு நரம்பெல்லாம் அதற்குள். மற்றவர் போட்டுவிட்டுப் போனதும் அதற்குள்தான். முள்ளின் பின்கூரையும் குறடால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டுத்தான் வீசுகிறேன். மீன் சில தப்பும், தப்பட்டும்.

பிப்ரவரி 14, மாலை 6:00

கொஞ்சம் சந்தோஷமான விஷயம் பேசுவோம். நாயும் மீன்பிடியும் நாம் கண்டுபிடித்த கூட்டணி இல்லை. நியூஃபவுண்ட்லாந்தில் மீனவர்கள் செயின்ட் ஜான்ஸ் நீர் நாய் என்று ஒன்றை வளர்த்தார்கள். வலை இழுக்கும், முள்ளிலிருந்து நழுவி விழுந்த மீனைக் கடலில் பாய்ந்து கவ்விக்கொண்டு வரும். இன்று எல்லாரும் சோபாவில் வைத்துக் கொஞ்சுகிற லாப்ரடார் அந்த நாயின் வழிவந்ததுதான். மூல ஜாதி 1980களில் அற்றே போய்விட்டது.

போர்ச்சுகலில் இன்னொன்று, போர்ச்சுகீசிய நீர் நாய். மீன் கூட்டத்தை வலைக்குள் விரட்டும், அறுந்து மிதக்கிற வலையை மீட்டு வரும், ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்குச் செய்தி கொண்டு போகும் என்பார்கள். இயந்திரப் படகுகள் வந்தபின் அதற்கு வேலை போயிற்று, ஜாதியே அழிகிற நிலைமையில் 1930களில் வாஸ்கோ பென்சவுதே என்ற கப்பல் முதலாளி தேடிப் பிடித்து வளர்த்துக் காப்பாற்றினார். 2009இல் ஒபாமா வீட்டுக்குப் போன ‘போ’ என்ற நாய் இந்த ஜாதிதான்.

செவலை இதுவரை தண்ணீரிலிருந்து மீட்டுக் கொண்டு வந்தவை: என் இடது செருப்பு, அதே செருப்பு இன்னொரு முறை, ஒரு தேங்காய் மட்டை.

பிப்ரவரி 15, காலை 9:20

செருப்பு என்றதும் ஞாபகம் வந்தது. இரண்டாவது முறை செருப்பை மீட்ட அன்று தண்ணீர் ஜில்லென்று இருந்தது, ரொம்ப நேரம் நீந்தினாள். மறுநாள் காலை பார்த்தால் வால் தொங்குகிறது. அடியில் இரண்டு அங்குலம் நேராக நிற்கிறது, அப்புறம் செத்த பாம்பு மாதிரி கீழே. தொட்டால் முனகுகிறாள். எங்கேயோ இடித்து எலும்பு முறிந்துவிட்டது என்று நான் அலறிக்கொண்டு ஓடினேன். மருத்துவர் (உதட்டு முள்ளை எடுத்த அதே ஆள், இந்த முறை பேசினார்) பார்த்த உடனே ‘நேற்று நீந்தினாளா?’ என்று கேட்டார். குளிர்ந்த நீரில் ரொம்ப நேரம் நீந்தினால் வால் தசை இப்படி ஆவது உண்டாம், வேட்டைக்கும் நீச்சலுக்கும் போகிற நாய்களில் அடிக்கடி பார்ப்பதாம். ஓய்வும் வலி மருந்தும்தான். மூன்றாம் நாள் பாதி ஆடியது, ஐந்தாம் நாள் முழுசாக ஆடியது.

வால் ஆடாத நாயோடு ஒரு வீட்டில் நாலு நாள் இருந்து பாருங்கள். எது கேட்டாலும் அவள் சம்மதித்தாளா இல்லையா என்றே தெரியாது.

பிப்ரவரி 19, இரவு 10:40

தண்ணீரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த ஆபத்துகளை வரிசை இல்லாமல் சொல்கிறேன்.

பச்சைப் பெயின்ட் ஊற்றினாற்போல் படலம் கட்டியிருக்கிற தேங்கிய நீரில் நாயை இறக்காதீர்கள், குடிக்கவும் விடாதீர்கள். எல்லாப் படலமும் விஷம் இல்லை, ஆனால் நீலப்பச்சைப் பாசி என்றால் சில வகை ஈரலைத் தாக்கும், சில வகை நரம்பு மண்டலத்தைத் தாக்கும், நாய் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே சாகலாம். எது எந்த வகை என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. குடிக்காவிட்டாலும் கரையேறி உடம்பை நக்குமே, அது போதும்.

கடல் என்றால் உப்புத் தண்ணீர் குடித்துவிட்டு வயிற்றால் போகும், அதிகமானால் உயிருக்கே வரும். குடிதண்ணீர் தனியாக எடுத்துப் போங்கள். எலி மூத்திரம் கலந்த நீரிலிருந்து வருகிற எலிக்காய்ச்சலுக்கு நாய்க்குத் தடுப்பூசி உண்டு, அதையும் கேட்டுப் போட்டுவிடுங்கள்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பதைத் தின்ன விடாதீர்கள். பேத்தை மீன் விஷம் எல்லாருக்கும் தெரியும். 2009இல் நியூசிலாந்தில் ஆக்லாந்து பக்கத்துக் கடற்கரைகளில் நாய்கள் செத்தபோது காரணம் தேடிப் போனவர்கள் கண்டுபிடித்தது ஒரு சாம்பல் நிறக் கடல் நத்தை, ஓடு இல்லாத வகை, அதற்குள்ளும் அதே பேத்தை விஷம். வட அமெரிக்காவின் பசிபிக் கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இன்னொன்று: அங்கே சால்மன், டிரவுட் மீனைப் பச்சையாகத் தின்கிற நாய்க்கு, அந்த மீனில் இருக்கும் ஒரு தட்டைப்புழு வழியாகக் காய்ச்சல் ஒன்று வரும். தின்று ஒரு வாரம் போலக் கழித்து வாந்தி, பேதி, காய்ச்சல். வைத்தியம் பார்க்காவிட்டால் பெரும்பாலும் செத்துவிடும், பார்த்தால் பிழைக்கும், மருந்தும் சாதாரண மருந்துதான். வேக வைத்த மீனில் அந்தப் பயம் இல்லை.

அழுகிய மீன்மேல் புரள்வதற்கு மட்டும் எந்தத் தடுப்பூசியும் இல்லை.

பிப்ரவரி 22, இரவு 9:30

நாய் கூட்டி வருகிறவர்களால் கரையில் நிம்மதி போயிற்று என்று ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் சொல்வது சரி. எனக்குக் கொஞ்சம் உறுத்தியது, ஏனென்றால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்.

ஒரு நாள் பக்கத்தில் ஒரு பெரியவர் இரைப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நுணுக்கமாக முடிச்சு போட்டுக்கொண்டிருந்தார். செவலை தண்ணீரிலிருந்து ஏறி நேராக அவர் பக்கத்தில் போய் நின்று உலுக்கினாள். நாய் உலுக்கினால் எவ்வளவு தண்ணீர் போகும் என்று 2012இல் அளந்தே பார்த்திருக்கிறார்கள், லாப்ரடார் அளவு நாய் நொடிக்கு நாலு தடவைக்கு மேல் உடம்பைத் திருப்புகிறதாம், மயிரில் இருக்கும் தண்ணீரில் 70 சதவீதம் சில நொடிகளுக்குள் வெளியே. அந்த 70 சதவீதமும் பெரியவர் மேல்தான். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே ‘தம்பி, உங்க நாய்க்குக் கயிறு இல்லையா?’ என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றிலிருந்து பக்கத்தில் ஆள் இருந்தால் கயிறு. மூன்று மீட்டர் நீளம், முனையை நான் உட்காருகிற ஸ்டூல் காலில் மாட்டிவிடுவேன். ஒரு தடவை அவள் பூனையைக் கண்டு ஸ்டூலோடு போய்விட்டாள், நானும் கொஞ்ச தூரம் போனேன்.

பிப்ரவரி 23, காலை 6:15

மேலே சொன்ன கயிற்றை ஸ்டூலில் மாட்டாதீர்கள்.

மார்ச் 2, இரவு 11:00

‘இவ்வளவு தொல்லைக்கு நடுவில் எதற்காகக் கூட்டிப்போகிறீர்கள்?’ இரண்டு நாளாக இந்தக் கேள்விக்குப் பதில் எழுதி எழுதி அழித்துக்கொண்டிருக்கிறேன்.

2015இல் ஜப்பான்காரர்கள் ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். நாயும் வளர்ப்பவரும் கண்ணோடு கண் பார்த்துக்கொண்டிருந்தால் இருவர் உடம்பிலும் ஆக்சிடோசின் கூடுகிறது, தாய்க்கும் குழந்தைக்கும் இடையில் சுரக்கிற அதே பொருள். நாய் வளர்க்கிற எல்லாரும் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொல்லிக்கொண்டு திரிந்தவன்தான். ஆனால் யோசித்துப் பார்த்தால் கரையில் நானும் செவலையும் ஒருவரை ஒருவர் பார்ப்பதே இல்லை. நாலு மணி நேரம் உட்கார்ந்தால், நான் ஏமாந்த தடவைகளைத் தவிர, என் முகத்தை அவள் பார்ப்பதில்லை, அவள் முகத்தை நான் பார்ப்பதில்லை. இரண்டு பேர் கண்ணும் ஒரே தக்கைமேல்.

வீட்டில் அவள் என்னைப் பார்ப்பது எப்போதும் ஏதோ கேட்பதற்கு. கதவைத் திற, தட்டில் போடு, நகர்ந்து உட்கார். நான் அவளைப் பார்ப்பதும் ஏதோ சொல்வதற்கு. கரையில் அது இரண்டும் இல்லை. மனிதர்களோடு மீன் பிடிக்கப் போனால் அரை மணி நேரத்தில் யாராவது ஒருவர் வேலையைப் பற்றி ஆரம்பித்துவிடுவார், அல்லது மௌனம் ரொம்ப நேரம் ஆகிவிட்டதே என்று இருவருக்கும் கூச்சம் வந்துவிடும். அவளோடு பேசாமல் இருப்பதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை.

சரியாகச் சொல்லிவிட்டேனா தெரியவில்லை. தூங்கப் போகிறேன்.

மார்ச் 3, காலை 7:00

படித்துப் பார்த்தால் நான் என்னவோ தவம் செய்கிற மாதிரி இருக்கிறது. நேற்றைய காலை நடந்தது: அவள் என் சாப்பாட்டுப் பொட்டலத்தின்மேல் உட்கார்ந்துவிட்டாள்.

மார்ச் 9, மாலை 5:40

கேள்வி கேட்டவர் கடைசியில் குட்டியைக் கூட்டிப்போயிருக்கிறார். இருபது நிமிடம் கயிற்றைக் கடித்ததாம், அப்புறம் தண்ணீரைப் பார்த்துப் பயந்து மடியில் ஏறிக்கொண்டதாம், ஒரு மீனும் இல்லையாம், நண்பர் ‘நான்தான் சொன்னேனே’ என்றாராம். நல்ல தொடக்கம்தான். முதல் சில தடவை தூண்டிலையே எடுத்துப் போகாதீர்கள். வெறுமனே கரைக்குப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். கையில் கோல் இருந்தால் பாதிக் கண் அதில் போய்விடும், குட்டிக்கு முழுக் கண்ணும் வேண்டும். தண்ணீருக்குள் தூக்கிப் போட்டு நீச்சல் பழக்குவது வேண்டவே வேண்டாம். எல்லா நாயும் நீந்தாது, குட்டைக் காலும் கனத்த தலையும் உள்ள ஜாதிகள் கல் மாதிரி போய்விடும். படகு என்றால் முதுகில் கைப்பிடி வைத்த மிதவைச் சட்டை, நீந்தத் தெரிந்த நாய்க்கும்தான். தண்ணீரில் விழுந்த நாயைக் கைப்பிடி இல்லாமல் படகில் ஏற்றிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

மார்ச் 16, இரவு 8:20

செவலைக்கு இப்போது காது சரியாகக் கேட்பதில்லை. என்னிடம் வந்து ஒன்பது வருடம், வரும்போதே இரண்டு வயது இருக்கும். போன மாதம் வரைக்கும் நான் ஒத்துக்கொள்ளவில்லை, பிடிவாதம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இடுப்பும் கொஞ்சம் இறங்கிவிட்டது, கரையின் சரிவில் அவளைத் தூக்கித்தான் இறக்குகிறேன். பதினாறு கிலோ இப்போது பதினாலு.

இன்று காலை ஆறரைக்கு உட்கார்ந்தோம். அவள் இடது பக்கம்தான். தக்கையைப் பார்க்க வேண்டிய நான் இன்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன், மூக்கைச் சுற்றி எவ்வளவு வெள்ளை ஏறிவிட்டது என்று. உதட்டில் அந்தப் பழைய முள் ஏறிய இடத்தில் மயிர் முளைக்கவே இல்லை, பொட்டு மாதிரி ஒரு வெறுமை. இரைத்துக்கொண்டிருந்தாள். சட்டென்று வாயை மூடினாள். நான் அப்போதும் அவள் முகத்தைத்தான் பார்த்தேன், கோலைத் தொடவில்லை. திரும்பியபோது தக்கை மறுபடி மேலே வந்து சும்மா மிதந்துகொண்டிருந்தது.

தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள், வழக்கம்போல.

புதன்கிழமை மறுபடி போகிறோம். கட்டிங் பிளேயர் இப்போது இரண்டு, ஒன்று பையில், ஒன்று இடுப்பில்.